22 பாருக்கு மூன்று மாதம்

பியானோவில் இசையமைப்பாளர் பாஹின் சி மேஜர் இன்வென்ஷனை (இரண்டு கையும் இரண்டு தனிக் குரலாக வாசிக்கும் சின்னப் பாட்டு) ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். மொத்தமே 22 பார், அதாவது 22 தாளக் கட்டம். பத்தாம் நாள் மூச்சு விடாமல் வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, வலது கை வாசிக்கட்டும், இடது கையை வாயால் பாடுங்க" என்றார்.

நாலு சுரம் தாண்டவில்லை. விரலுக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை!

அந்தப் பாட்டின் கரு ச ரி க ம ரி க ச ப, அவ்வளவுதான். அரை பார் கழித்து இடது கை ஒரு ஸ்தாயி கீழே அதையே சொல்கிறது. மூன்றாவது பாரில் வலது கை அதைக் கவிழ்த்துப்போட்டு த ப ம க ப ம த ப என்று இறங்கும். கீழே இடது கை, முதல் நாலு சுரத்தின் ஏறுநடையை இரண்டு மடங்கு நிதானமாக நடக்கும். இத்தனை நாள் அதைச் சும்மா துணைக்கு வரும் கீழ்க்குரல் (பேஸ்) என்று நினைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, ஒற்றைக் கையாக, நாளுக்கு இரண்டே பார். சலிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஓர் இடத்தில் தினமும் தடுக்கினேன். திறமைக் குறைவு என்று நினைத்தால், ஒவ்வொரு நாளும் வேறு விரல் போட்டிருக்கிறேன்! விரல் எண்ணைப் பென்சிலால் எழுதிய வாரமே அது சரியானது.

வாசிப்பில் உணர்ச்சி வந்தது வேறு வழியில். எலக்ட்ரானிக் கீபோர்டில் ஹார்ப்சிகார்ட் ஒலியை வைத்து வாசித்தேன். நிஜ ஹார்ப்சிகார்டில் கம்பியைச் சுண்டித்தான் ஒலி வரும், ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாது. அந்த ஒலியிலும் அப்படியே. என்னிடம் மிச்சம் இருந்தது சுரத்தின் நீளமும் நடுவே விடும் இடைவெளியும்தான். 'ப'-வைக் கொஞ்சம் சுருக்கி, மூச்சு வாங்குகிற அளவு இடம் விட்டேன். அடுத்த வாக்கியம் தானாகத் தொடங்கியது. பிறகு பியானோவிலும் அந்த மூச்சை விடவில்லை.

இந்த இன்வென்ஷன்களுக்கு 1723-இல் எழுதிய சுத்தப்பிரதியின் முகப்பில், இரண்டு குரலையும் தெளிவாக வாசிக்க, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவதுபோல் வாசிக்கப் பழக வேண்டும் என்கிறார் பாஹ். வேகம் என்ற பேச்சே அதில் இல்லை. இதை முதல் நாளே படித்திருக்கலாம்.

இப்போது டி மைனர், நான்காவது இன்வென்ஷன். மூன்றாவது வாரம். இடது கையில் ஒரு நீண்ட டிரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) வருகிறது, அதை எப்படிப் பாடுவது என்று யாராவது சொல்லுங்கள்.