பழந்துணிக்குன்னு தனியா வண்டி வரணுமா, வேண்டாத வேலையா?

திங்கள்சந்தை தம்பி
நேத்து மச்சுல கெடந்த துணி மூட்டைய இறக்குனேன். அப்பாக்க பழைய வேட்டி 11, அம்மாக்க நைட்டி ஒரு கட்டு, தங்கச்சிக்க யூனிஃபார்ம் ரெண்டு செட், எனக்க தொடை கிழிஞ்ச ஜீன்ஸ். குப்பை எடுக்க வந்த அக்காட்ட நீட்டினா "தம்பி, இது மக்குற டப்பாலயும் சேராது, மக்காததுல போட்டா ஆக்கர் கடைல எடுக்க மாட்டாங்க"ன்னு திருப்பித் தந்துட்டாங்க. ஆக்கர் கடைல, அதான் பழைய சாமான் வாங்குற கடைல, கேட்டா அவரு சிரிக்காரு. பக்கத்து வீட்டு மாமா சொன்ன வழி, "தென்னை மூட்டுல போட்டு கொளுத்துடே". பிளாஸ்டிக் கொளுத்தாதன்னு சொல்லிட்டு பாலியஸ்டர கொளுத்துனா அது மட்டும் சாம்பிராணி புகையா? ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல 2025 ஜனவரி 1ல இருந்து துணிக்கழிவ தனியாத்தான் சேகரிக்கணும்னு சட்டமே இருக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மாசம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், துணிக்குன்னு வண்டி விட்டா என்ன?

ரப்பர்பால்
ஆசை கொள்ளாம் தம்பி. ஆனா ஐரோப்பாவ இழுக்காதீங்க. அங்க சேத்த துணில நல்ல பங்கு கப்பல் ஏறி ஆப்பிரிக்காவுக்குத்தான் போவுது, கானா நாட்டு அக்ராவுல கன்டமான்டோன்னு பழந்துணிக்குன்னே ஒரு பெரிய சந்தை, விக்காதது அங்கத்த கடற்கரையில ஒதுங்கிக் கெடக்கு. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல மலை மாதிரி கொட்டிக் கெடக்க படம் நீங்களும் பாத்திருப்பீங்க. எடுக்கது பெரிய காரியமே இல்ல, எடுத்தத எங்க கொண்டு தள்ளுவீங்க? பானிபட்ல கம்பளி நெய்ய எடுப்பாங்கன்னு சொல்லாதீங்க, இங்கேருந்து ஹரியானாவுக்கு லாரி வாடகை கொடுத்தா அந்தக் காசுக்கு புதுக் கம்பளியே வாங்கி விநியோகம் பண்ணலாம். ஃப்ரான்ஸ்ல துணி விக்க கம்பெனிதான் இந்தச் செலவுக்கு காசு கட்டணும்னு 2007லயே சட்டம் போட்டாச்சு. இங்க யாரு கட்டுவா, உங்க பேரூராட்சியா?

திங்கள்சந்தை தம்பி
ஹரியானா வரைக்கும் ஏண்ணே போறீங்க, களியக்காவிளை தாண்டிப் பாருங்க. கேரளாவுல ஹரித கர்ம சேனா அக்காமாரு வீடு வீடா வந்து மக்காத குப்பைய எடுக்காங்க, வீட்டுக்காரங்க மாசாமாசம் காசும் கொடுக்காங்க. அங்க முடியுது.

வடசேரி பஸ்ஸ்டாண்ட்
அங்க அவ்ளோ அழகா எடுக்காங்கன்னா ராத்திரி குப்பை லாரி ஏம்ல நம்ம பக்கம் திரும்புது 😂

குளச்சல் காத்து
நான் வேற ஒண்ணு சொல்லுதேன். 2004 டிசம்பர் 26 சுனாமி கழிஞ்சு நாங்க கேம்ப்ல இருந்தப்போ எனக்கு 13 வயசு. லாரி லாரியா பழந்துணி வந்துச்சு. நல்ல மனசுலதான் அனுப்பினாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா மூட்டைய அவுத்தா கம்பளி ஸ்வெட்டர், பட்டன் இல்லாத கோட்டு, அக்குள்ல கறை புடிச்ச சட்ட, யாரோ உடுத்துக் களைஞ்ச உள்பாவாடை. கடக்கரையில வேகுற வெயில்ல ஸ்வெட்டர் போட்டு என்ன செய்ய? எங்க அம்மா ஒரு சேலைய எடுத்து மோந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம திருப்பி வச்சா, எனக்கு இன்னும் கண்ணுல நிக்கி. கொஞ்ச நாள்ல அந்தக் குவியல் ரோட்டோரம் நனைஞ்சு நாறிச்சு, ஆடு ஏறிப் படுத்துச்சு. தமிழ்நாடு பூரா இதே கததான், மிஞ்சின துணிய தரம்பிரிக்கவே டெல்லில இருந்து கூஞ்ச் அமைப்பு வந்து வேல செய்ய வேண்டியதாச்சு. அதனால வண்டி விடுங்க, ஆனா தானம்னு மட்டும் சொல்லிராதீங்க. தானம்னு சொன்னா அழுக்க அப்படியே கட்டி அனுப்பிட்டு புண்ணியம் வேற கணக்குல எழுதிக்கிடுவான் நம்ம ஆளு.

ரப்பர்பால்
இதத்தான நானும் சொல்லுதேன். சேத்தா குவியும், குவிஞ்சா நாறும்.

தக்கலை டெய்லர்
எல்லாரும் துணி துணின்னு ஒரே சாமான் மாதிரி பேசுதீங்க, அதான் பிரச்சனையே. நான் 22 வருஷமா தைக்கேன். ஒரு நூல உருவி தீக்குச்சி காட்டினா தெரிஞ்சிரும், பருத்தின்னா காயிதம் எரிஞ்ச மணம் வந்து சாம்பல் தூளாப் போவும், பாலியஸ்டர்னா உருகி உருண்டு கறுப்பா மணி மாதிரி நிக்கும், கைல பட்டா தோலோட போயிரும். இப்ப வர்ற யூனிஃபார்ம் துணி பெரும்பாலும் ரெண்டும் கலந்தது. லெக்கின்ஸ்ல இழுபடுற லைக்ரா நூல் வேற. கலந்தத பிரிக்கது லேசுப்பட்ட வேல இல்ல, மெஷின்ல போட்டு பிச்சு பஞ்சாக்கினாலும் இழை கட்டையாயிரும், நல்ல நூல் வராது. உலகம் பூரா எடுத்தாலும் பழைய உடுப்புல இருந்து திரும்ப உடுப்பா மாறுறது நூத்துக்கு ஒண்ணு கூட இல்லன்னு கணக்கு சொல்லுது.

திருப்பூர்ல பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்கு காசு கிடைக்குன்னா அது உடுக்காத துணி, அழுக்கில்ல, பட்டன் ஜிப்பு எலாஸ்டிக் கெடையாது, வெள்ள தனி கலர் தனின்னு பிரிச்சே வரும். அத ஓ.இ. மில்லுல, அதாவது கழிவுப் பஞ்சுல நூல் நூற்குற மில்லுல, நூலாக்குறாங்க, கையுறை, மிதியடி, துடைக்க துணின்னு போவுது. உங்க மச்சுல கெடந்தது அந்த ஜாதி இல்ல தம்பி.

ஆனா ரப்பர்பால் அண்ணனும் பாதிதான் சரி. இங்க மார்த்தாண்டத்துல ஒர்க்‌ஷாப்காரங்க எண்ணெய் துடைக்க பனியன் வேஸ்ட்ட கிலோ கணக்குல காசு கொடுத்து வாங்குதாங்க. போட் எஞ்சின்காரங்களும் வாங்குதாங்க. இந்தப் பக்கம் வீட்டு வீட்டுக்கு பருத்தி வேட்டிய தென்னை மூட்டுல எரிச்சிட்டிருக்கோம். இதுக்கு பானிபட் வேண்டாம், ஒரு பஸ் தூரம்.

வடசேரி பஸ்ஸ்டாண்ட்
அக்கா பருத்தி சரி. மிச்சம்? இப்ப யாரு பருத்தி உடுக்கா, எனக்க வீட்ல பீரோவ தொறந்தா பூரா சிந்தடிக்தான். அத பேசாம சிமென்ட் ஆலைக்கு அனுப்பிருங்க, உதவாத காஞ்ச குப்பைய அரியலூர் பக்கம் அனுப்புறாங்கல்ல, அதோட சேத்து.

திங்கள்சந்தை தம்பி
அதுவும் எரிக்கதுதான அண்ணா?

வடசேரி பஸ்ஸ்டாண்ட்
எரிக்கதுதான். ஆனா அந்த சூளையில 1,400 டிகிரிக்கு மேல சூடு, நிலக்கரிக்குப் பதிலா போவுது. உங்க மாமாக்க தென்னை மூட்டுல எவ்வளவு டிகிரி? நாகர்கோவில் வலம்புரிவிளை குப்பைக்கிடங்குல தீ புடிச்சா அந்தப் புகைய நாங்கதான் மூக்குல இழுக்கோம், அதனாலதான் சொல்லுதேன்.

ரப்பர்பால்
சரி, வச்சுக்கிடுவோம். மழைக்கு என்ன பதில்? மத்த பல ஜில்லாவுக்கு ஒரு மழ, நமக்கு ரெண்டு, ஜூன்லயும் பெய்யும் அக்டோபர்லயும் பெய்யும். எனக்க தோட்டத்துல ரப்பர் ஷீட்டே காய மாட்டேங்குது, புகைக்கூட்டுல போட்டுத்தான் காய வைக்கேன். குப்பை வண்டிக்கு மேல தார்ப்பாய் கூட ஒழுங்கா இருக்காது, மீன் செதிலும் சாம்பார் தண்ணியும் ஒழுகுற வண்டி. அதுல ஒரு தடவ துணி ஏறினா முடிஞ்சு, பூசணம் புடிச்ச துணிய ஒர்க்‌ஷாப்காரனும் தொட மாட்டான். வாசல்ல பிரிச்சு வாங்கி வண்டில ஒண்ணா கொட்டுறத நான் இதே கண்ணால பாத்திருக்கேன், எந்த ஊருன்னு சொல்லல.

குளச்சல் காத்து
அப்போ வண்டியே வேண்டாம். ஜனங்க கொண்டு வரட்டும். கஷ்டப்பட்டு தூக்கிட்டு வர்றவன் அழுக்க கொண்டு வர மாட்டான்.

ரப்பர்பால்
கொண்டே வர மாட்டான் மக்கா 😀 செத்தவங்க துணி, சீக்காளி துணின்னு ஆயிரம் பாப்பான். பாபநாசத்துல தாமிரபரணி ஆத்துல துணிய விட்டுட்டு வர்றவனும் நம்ம ஆளுதான, அவனுக்கு கைய விட்டுப் போனா போதும்.

தக்கலை டெய்லர்
பத்து பேரு கொண்டு வந்தா போதும், நான் ஊர திருத்தக் கெளம்பல. கடை மாடில ஒரு ரூம் சும்மா கெடக்கு, ஒழுகாது. பருத்தி மட்டும். துவைச்சு காய வச்சு, பட்டன் எலாஸ்டிக் வெட்டிட்டு கொண்டு வாங்க, ஒரு சாக்கு நெறஞ்சா மார்த்தாண்டத்துக்குப் போற ஆட்டோல ஏத்தி விடுதேன். தம்பி, உங்க அப்பாக்க 11 வேட்டி முதல்ல வரட்டும்.

திங்கள்சந்தை தம்பி
9 தான் வரும் அக்கா. ரெண்ட அம்மா இப்பவே கரித்துணிக்கு கிழிச்சாச்சு.

ரப்பர்பால்
எனக்கு ரெண்டு எடுத்து வைங்க, ஷீட் அடிக்க ரோலர் துடைக்க ஆவும். காசு தாரேன். ஆனா திட்டம் நடக்காதுன்னு சொன்னத நான் வாபஸ் வாங்கல.

வடசேரி பஸ்ஸ்டாண்ட்
அந்த நைட்டி கட்டு என்னாச்சுன்னு ஒருத்தரும் சொல்லல்லியே?