எம்.எஸ். நோய்க்கு எந்த ஊசி: வாரத்தில் மூன்று நாளா, ஆறு மாதத்துக்கு ஒருமுறையா?

மண்டபத்து அண்ணன்:
என் தங்கைக்கு வயது 29. சென்ற ஆண்டு இடக்கண் பார்வை மங்கிப் பிறகு தெளிந்தது; இந்தத் தை மாதம் இரண்டு கால்களும் மரத்துப் போயின. எம்.ஆர்.ஐ. பார்த்த மதுரை நரம்பியல் மருத்துவர், இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய், அதிலும் வந்து வந்து தணியும் வகை என்று கூறி மூன்று வழிகளைச் சொல்லியிருக்கிறார்: வாரம் ஒருமுறை தசையில் போடும் இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ, வாரம் மூன்று முறை தோலுக்கடியில் போடும் கிளாட்டிராமர் 40 மில்லிகிராம், அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றும் ரிட்டுக்ஸிமாப். அவளுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, குழந்தைக்கு ஏங்குகிறாள். மாப்பிள்ளை விசைப்படகில் போகிறவர் என்பதால் பல இரவுகளில் அவளும் மாமியாரும் மட்டுமே வீட்டில் இருப்பார்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாட்களுக்கு அவர் வீட்டில் இருப்பார், ஆனால் கையில் காசு இருக்காது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கீழக்கரைக் காக்கா:
தம்பி, என் மனைவி எட்டு ஆண்டுகளாகக் கிளாட்டிராமர் போட்டுக்கொள்கிறார். அமெரிக்காவில் 1996-இலேயே அனுமதி பெற்ற மருந்து அது. அதன் நல்லது கெட்டது இரண்டும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. இன்டர்ஃபெரானைப் போல ஊசி போட்ட இரவில் காய்ச்சலும் உடல்வலியும் வருவதில்லை. கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு மருத்துவர்கள் அதிகம் தயங்காமல் கொடுப்பதும் இதைத்தான். பலன் குறைவோ என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஆனால் 2009-இல் வெளியான பியாண்ட் ஆய்வில் 2,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இன்டர்ஃபெரான் பீட்டா-1பி-யையும் கிளாட்டிராமரையும் ஒப்பிட்டபோது, நோய் திரும்பத் தாக்குவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தொடையில் ஊசி குத்திய இடங்களில் கொழுப்புக் கரைந்து குழி விழுந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொண்டிக் கரையாள்:
காக்கா, நீங்கள் சொல்லும் ஆய்வு உண்மைதான், ஆனால் அது இரண்டு மிதமான மருந்துகளுக்கு இடையே நடந்த போட்டி. மருந்தில்லாத வெற்றூசியோடு ஒப்பிட்டால் இவ்விரண்டும் தாக்குதல்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குறைக்கின்றன. நான் நான்கு ஆண்டுகள் வாரம் ஒருமுறை இன்டர்ஃபெரான் போட்டவள். வெள்ளி இரவு ஊசி, சனிக்கிழமை முழுவதும் படுக்கை. சித்திரை வெயிலில் அந்தக் காய்ச்சலும் சேர்ந்தால் கால்கள் துணியைப் போலத் துவண்டுவிடும். உடல் சூடேறும்போது பழைய பாதிப்புகள் தற்காலிகமாகத் தலைதூக்கும் இந்த நிலையை 1890-இலேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் எழுதிவைத்தார் என்று பின்னால்தான் அறிந்தேன். சூட்டால் வந்த தளர்ச்சி சூடு தணிந்ததும் போய்விட்டது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் வந்த இரண்டு உண்மையான தாக்குதல்கள் என் வலக்கையின் பிடியைக் கொண்டுபோயின, அது திரும்பவில்லை. ஸ்வீடனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் திரும்பத் தாக்கியவர்கள் ரிட்டுக்ஸிமாப் குழுவில் 3 விழுக்காடு, டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரைக் குழுவில் 16 விழுக்காடு. முதலில் மெல்லிய மருந்து, கெட்டுப்போனால் வலிய மருந்து என்ற வரிசையை நான் ஏற்க மாட்டேன்.

கீழக்கரைக் காக்கா:
சகோதரி, உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் காட்டிய ஆய்வு ரிட்டுக்ஸிமாபை ஒரு மாத்திரையோடு ஒப்பிட்டதே ஒழிய, கிளாட்டிராமரோடு அல்ல. மேலும் ரிட்டுக்ஸிமாப், நோயெதிர்ப்பு வேலை செய்யும் பி வகை வெள்ளணுக்களை அழிக்கும் மருந்து. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் உறங்கிக் கிடந்தால் அதனால் விழித்துக்கொள்ளக்கூடும். கடைசித் தவணைக்குப் பின் 12 மாதம் கருத்தரிக்க வேண்டாம் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. குழந்தைக்கு ஏங்கும் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?

தொண்டிக் கரையாள்:
அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை என்று கருதும் நரம்பியல் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எப்போது என்பதை அவர்களோடு திட்டமிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் எம்.எஸ். நோய்க்கு ரிட்டுக்ஸிமாபை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம் மருந்தாளுநர்:
அதே பட்டியலில், அதே ஆண்டில் கிளாட்டிராமரும் சேர்க்கப்பட்டது. எனவே அந்த வாதம் இருவருக்கும் பொது. நீங்கள் இருவரும் தொடாத மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

காக்கா, கிளாட்டிராமரால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை, தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. அரிதுதான். ஆனால் இரவில் மாமியாரோடு தனியாக இருக்கும் பெண், சில நிமிடங்களில் தணிந்துவிடும் முகச்சிவப்பையும் நெஞ்சிறுக்கத்தையும், தணியாமல் மூச்சடைக்கும் ஒவ்வாமையையும் பிரித்தறியப் பழகியிருக்க வேண்டும். மாப்பிள்ளை கரையில் இருக்கும் பகல் நேரத்தில் முதல் ஊசிகளைப் போடுவது நல்லது.

அடுத்தது வெயில். கிளாட்டிராமரைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; வெளியே வைத்தால் ஒரு மாதம் தாங்கும், ஆனால் 30 டிகிரிக்குள். நம் கரையில் வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். மண்பானைக்குள் வைப்பது உள்நாட்டு வறண்ட காற்றில் பலன் தரும். ஈரக் காற்று வீசும் கடற்கரையில் நீர் ஆவியாவது குறைவதால் பானை அவ்வளவு குளிராது. மீன் ஐஸ் பெட்டியில் பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும். மருத்துவமனையிலேயே ஏற்றும் மருந்துக்கு வீட்டில் இந்தக் கவலை கிடையாது. அந்த அளவில் சகோதரியின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். கண் நரம்பும் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்கிறீர்கள். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயும் இப்படித்தான் தொடங்கும். அந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும். அந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அக்குவாபோரின்-4 எதிர்ப்புப் புரதத்துக்கான இரத்தப் பரிசோதனை நடந்ததா?

மண்டபத்து அண்ணன்:
கோப்பு முழுவதையும் புரட்டிவிட்டேன், அந்தப் பரிசோதனைத் தாள் இல்லை. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, மருந்து தொடங்கும் முன் எடுக்கவிருந்ததாகவும், ஹெபடைட்டிஸ் பி, காசநோய் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்றும் கூறினார். வருகிற திங்கட்கிழமை இரத்தம் கொடுக்கப் போகிறோம்.

ராமநாதபுரம் மருந்தாளுநர்:
செல் அடிப்படையிலான முறையில் செய்கிறார்களா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். அதுவே கூடுதல் நம்பகமானது. அண்மையில் ஸ்டீராய்டு ஏற்றியிருந்தால் அந்தத் தேதியையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மண்டபத்து அண்ணன்:
தை கடைசியில் ஐந்து நாட்கள் ஏற்றினார்கள். தேதியைக் குறித்துக்கொண்டேன்.

தொண்டிக் கரையாள்:
முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், தம்பி. நோய் எம்.எஸ்.தான் என்று உறுதியானால் காக்காவோடு மிச்ச வாதத்தை நடத்த நான் இருக்கிறேன்.