புதுப்பிப்பு: நடுக்கத்தை ‘விடி’ (VT) என்று படித்த அந்த ஈசிஜி

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியின் கை நடுக்கத்தால் திரையில் வந்த கோடுகளை வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (சுருக்கமாக விடி; இதயத்தின் கீழ் அறைகளில் தொடங்கும் ஆபத்தான வேகத் துடிப்பு) என்று நினைத்து டாக்டரை அவசரமாக அழைத்துவிட்டேன். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

நீங்கள் சொன்னபடி அந்த ஈசிஜி தாளை மறுபடி எடுத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கிறுக்கல்களுக்கு நடுவே ஒல்லியான கியூஆர்எஸ் முனைகள் (ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஈசிஜியில் வரும் கூர்மையான கோடுகள்) ஒரே இடைவெளியில் தலைகாட்டிக்கொண்டிருந்தன! விடியில் இந்த முனைகள் பெரும்பாலும் 0.12 வினாடிக்கு மேல், அதாவது மூன்று சிறு கட்டங்களுக்கு மேல் அகன்றிருக்கும். இது தெரிந்தும் அன்று கண்ணில் படவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

இப்போது அலாரம் அடித்ததும் நோயாளியிடம் போய் நாடியைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு ஆக்சிஜன் அளவியின் அலை (நாடித்துடிப்பைக் காட்டும் கோடு). ஈசிஜி தாறுமாறாக ஓடும்போதும் அது சீராக ஏறி இறங்கினால், நடுக்கமா என்று சந்தேகிக்கலாம். ஆனால் நாடி இருப்பதாலேயே விடி இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐயம் தீராவிட்டால் இன்றும் டாக்டரை அழைக்கிறேன்.

எலக்ட்ரோடு ஒட்டுமுன் தோலைத் துடைத்து உலர்த்தும் வேலையையும் நானே செய்கிறேன். பொய் அலாரங்கள் குறைந்திருக்கின்றன.