டிவிடியை முதலிடத்தில் வைத்தும் நேராக ஹார்ட் டிஸ்க்குக்கே போகிறது

கேள்வி: மழைத்துளி

வணக்கம். அப்பா பயன்படுத்தும் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அதைத் தாண்டிப் போவதில்லை. மறுபடி விண்டோஸ் போடுவதற்கு முன் போட்டோக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். லினக்ஸ் டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால் ஃபைல்களை காப்பி எடுக்கலாம் என்று படித்தேன். லினக்ஸ் மின்ட் இறக்கி, என் லேப்டாப்பில் ஒரு டிவிடி-ஆரில் எழுதினேன்.

டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) போய், பூட் ஆர்டரில் டிவிடி டிரைவை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்தி சேவ் செய்தாயிற்று. ரீஸ்டார்ட் ஆகும்போது டிரைவின் விளக்கு எரிகிறது, டிஸ்க் சுற்றும் சத்தமும் கேட்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் பழையபடி விண்டோஸ் லோகோதான். டிஸ்க்கில் கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன், லேப்டாப்பில் போட்டுத் திறந்தால் நான் இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் சரியாகத் தெரிகிறது. பயாஸில் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: திசைகாட்டி

செக்யூர் பூட்டை (அங்கீகரிக்கப்பட்ட நிரலை மட்டும் பூட் ஆக விடும் வசதி) ஆஃப் செய்து பாருங்கள். ஃபாஸ்ட் பூட்டையும். முக்கால்வாசி பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

பதில்: நீலவானம்

இந்தக் காலத்திலும் டிவிடியா? பென்டிரைவில் போட்டால் பத்து நிமிட வேலை. விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ எல்லாம் சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் அடங்கவே அடங்காது.

பதில்: திருப்புளி

தம்பி, பயாஸில் இனி எதையும் தொடாதீர்கள். செக்யூர் பூட்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மின்ட் அது ஆனில் இருக்கும்போதே பூட் ஆகும். அந்த டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கக்கூடும். இருக்கிற தலைவலி போதாதா?

விடை உங்கள் கேள்வியின் கடைசியில் நீங்களே எழுதிய வரியில் இருக்கிறது. டிஸ்க்கைத் திறந்தால் ஐஎஸ்ஓ ஃபைல் தெரிகிறது என்கிறீர்கள். தெரியக் கூடாது. சரியாக எழுதிய மின்ட் டிஸ்க்கைத் திறந்தால் பூட், கேஸ்பர், ஈஎஃப்ஐ என்று ஃபோல்டர்கள்தான் வரும். ஐஎஸ்ஓ என்ற பெயரே அங்கே இருக்காது. நீங்கள் செய்திருப்பது, வீட்டுச் சாவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி அந்தப் பெட்டியைப் பூட்டுத் துவாரத்தில் நுழைத்துப் பார்ப்பது மாதிரி.

ஏன் அப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், தெரிந்திருந்தால் அடுத்த முறை பயாஸைச் சந்தேகப்பட மாட்டீர்கள். சிடி, டிவிடியிலிருந்து பூட் ஆவதற்கு எல் டொரிட்டோ என்று ஒரு விதிமுறை உண்டு, 1995இல் வந்தது. டிஸ்க் 2048 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரிந்திருக்கும். அதில் 17ஆவது செக்டரில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும்: பூட் செய்யும் நிரலின் பட்டியல் இன்ன இடத்தில் இருக்கிறது என்று. பயாஸ் நேராக அங்கே போய்ப் பார்க்கும். குறிப்பு இருந்தால் பூட் ஆகும், இல்லையென்றால் சத்தமில்லாமல் வரிசையில் அடுத்த ஆளிடம் போய்விடும். உங்கள் விஷயத்தில் அடுத்த ஆள் ஹார்ட் டிஸ்க். விளக்கு எரிந்ததும் டிஸ்க் சுற்றியதும் அது தேடிப் பார்த்ததற்கு அடையாளம். அதாவது உங்கள் பூட் ஆர்டர் முதல் தடவையே சரியாகத்தான் இருந்தது. தேடிப் போன இடத்தில்தான் ஒன்றும் இல்லை. (ஆரம்ப காலத்து பூட் சிடிகள் பல, தன்னை 1.44 எம்பி ஃபிளாப்பி என்று நம்பவைத்துத்தான் பூட் ஆயின. அந்த வசதியும் இதே விதிமுறையில் உண்டு.)

ஐஎஸ்ஓ என்பது டிஸ்க்கின் அச்சு அசல் நகல், 17ஆவது செக்டர் உட்பட. அதைச் சாதாரண ஃபைல் மாதிரி இழுத்துப் போட்டால் அந்தக் குறிப்பு ஃபைலுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். விண்டோஸில் ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்தால் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்று வரும், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். கையிலிருக்கும் டிவிடி-ஆர் இனி உதவாது, புதிது எடுங்கள்.

அப்புறம், ஒரு தடவை பூட் செய்ய பூட் ஆர்டரையே மாற்ற வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பூட் மெனுவுக்கான கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, கிகாபைட்டில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. எம்எஸ்ஐ போர்டில் எஃப்11, ஆசஸ் போர்டில் எஃப்8. ஏசர் லேப்டாப்களில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸுக்குள் போய் ஆன் செய்ய வேண்டியிருக்கலாம். அங்கே வரும் பட்டியலில் டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு முறைக்கு மட்டும் அதிலிருந்து பூட் ஆகும், நிரந்தரமாக எதுவும் மாறாது. பட்டியலில் டிரைவே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள், ஆர்டரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

நீலவானம் சொன்ன பென்டிரைவும் நல்ல வழிதான். ஆனால் அங்கேயும் ஐஎஸ்ஓவைச் சும்மா காப்பி செய்து போட்டால் இதே கதைதான்.

பதில்: மழைத்துளி

அண்ணா, புது டிஸ்க் எழுதினேன். திறந்தால் கேஸ்பர் ஃபோல்டர் தெரிகிறது! எஃப்11இல் மெனுவும் வந்தது. ஆனால் அதில் டிவிடி டிரைவின் பெயர் இரண்டு முறை இருக்கிறது. ஒன்றுக்கு முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கிறது. எதை எடுக்க?

பதில்: திருப்புளி

டிரைவ் ஒன்றுதான், அதே டிஸ்க்கைப் புது முறையிலும் பழைய முறையிலும் பூட் செய்யலாம் என்று காட்டுகிறது. போட்டோ எடுக்க எதுவானாலும் சரி, யூஇஎஃப்ஐ உள்ளதையே எடுங்கள்.

பிற்பாடு விண்டோஸ் போடும்போதுதான் இதைக் கவனிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் ஜிபிடி என்ற புது முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் யூஇஎஃப்ஐ வழியாகத்தான் பூட் செய்ய வேண்டும், எம்பிஆர் என்ற பழைய முறை என்றால் பழைய வழி. மாற்றிப் போனால் 'இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது' என்று பாதியில் நிற்கும். உடனே பார்ட்டிஷன்களை அழிக்கப் போய்விடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து மெனுவில் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தாலே போதும். மின்ட்டில் 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்தால் உங்களுடையது எந்த வகை என்று காட்டும், இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் முழுமையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருந்தால், லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. பதற வேண்டாம், உங்களுக்குப் படிக்க முடிந்தால் போதும்.

பதில்: மழைத்துளி

டிரைவ் திறந்துவிட்டது, ஜிபிடி என்று காட்டுகிறது. போட்டோக்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு ஃபோல்டரில் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வேறு வருகிறது.

பதில்: திருப்புளி

விண்டோஸ் ஏன் ஏறவில்லை என்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அந்த ஃபோல்டரை நிறுத்திவிட்டு மற்றவற்றை முதலில் எடுங்கள், முக்கியமானது முதலில். எல்லாம் வந்த பிறகு கடைசியாக அதற்கு வரலாம். செக் டிஸ்க் (டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் நிரல்) மட்டும் ஓட்டிவிடாதீர்கள், சாகப் போகும் டிஸ்க்கை அது இன்னும் சிரமப்படுத்தும். 'டிஸ்க்ஸ்' நிரலிலேயே ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) இருக்கும், அதில் ரீஅலொகேட்டட் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), பெண்டிங் (சந்தேகத்தில் இருப்பவை) செக்டர் எண்ணிக்கை என்ன என்று இங்கே போடுங்கள். புது விண்டோஸை இந்த டிஸ்க்கில் போட வேண்டாம், வேறு டிஸ்க் வாங்கிப் போடுங்கள்.