பாத்ரூம் மேல்சுவருக்கு வெள்ளையா, கருநீலமா?

கெடிலக்கரை:
வீடு கடலூர் மஞ்சக்குப்பத்துல. பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி, உயரம் 10 அடி. டைல்ஸ் 7 அடி வரைக்கும் சந்தனக் கலர், நடுவுல பிரவுன் பார்டர். அதுக்கு மேல 3 அடி சுவரும் சீலிங்கும்தான் பெயின்ட். மேற்கே ஒரு வென்டிலேட்டர். போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி. சீலிங் மூலையில கரும்புள்ளி பூத்திருக்கு. வீட்டுல கருநீலம் கேக்குறாங்க, பெயின்டர் வெள்ளை அடிச்சு விட்டுடலாம்ங்கிறார். எதுக்குப் போகலாம்? காரணத்தோட சொல்லுங்க.

உப்புக்காத்து:
வெளிர் நிறம்தான். பூஞ்சை கறுப்பு. வெள்ளைச் சீலிங்ல கடுகளவு புள்ளி வந்தாலே கண்ணுல படும், அன்னைக்கே துடைச்சிடலாம். கருநீலத்துல அது உள்ளங்கை அகலம் படர்ந்து வாடை வந்த பிறகுதான் தெரியும். ஆனா பெயின்டர் சொல்ற பால்வெள்ளை வேண்டாம். சந்தன டைல்ஸ் பக்கத்துல தூய வெள்ளை நின்னா டைல்ஸ் அழுக்குப் பிடிச்ச மாதிரி தெரியும். லேசா மஞ்சள் கலந்த ஆஃப் ஒயிட் எடுங்க. சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரே ஷேட்.

முத்தியால்பேட்டை:
அண்ணே, எல்லாரும் இதையே சொல்றதாலதான் எல்லா வீட்டு பாத்ரூமும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. இங்க 5 அடி அகலத்துக்கு 10 அடி உயரம். உள்ள நின்னா கிணத்துக்குள்ள நிக்கிற மாதிரிதான் இருக்கும். மேல அடர் நிறம் வந்தா சீலிங் இறங்கி வந்த மாதிரி தெரிஞ்சு அறை அளவுக்கு வரும். வெளிச்சம் குறையும்னு பயமும் வேண்டாம், 7 அடி வரைக்கும் வெளிர் டைல்ஸ் இருக்கே. பிரவுன் பார்டருக்கு நீலம் நல்லா எடுக்கும். புள்ளி தெரியணும்னே ஒரு நிறம் எடுக்கிறதைவிட, புள்ளி வராம பார்த்துக்கிறது மேல் இல்லையா?

பட்டிமேஸ்திரி:
ரெண்டு பேரும் கறுப்புப் புள்ளியை மட்டும் பேசுறீங்க. போர் தண்ணி விடுற கறை வெள்ளை. ஷவர் சுவர்ல மேல தெறிக்கிற சொட்டு காய்ஞ்சா சாம்பல் வெள்ளையா வட்டம் விடும். அது கருநீலத்துல பளிச்சுன்னு தெரியும், ஆஃப் ஒயிட்ல தெரியவே தெரியாது. கறையை மறைக்கணும்னா ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மண் சாம்பல், மங்கின பச்சை மாதிரி நிறம்தான் பொருந்தும்.

அடர் நிறத்துல இன்னொரு வில்லங்கம் இருக்கு. கருநீலத்தை வெள்ளை பேஸ்ல, அதாவது கடையில கலர் ஏத்துற வெள்ளை அடிப் பெயின்ட்ல, கலக்க முடியாது. அதுக்குத் தனி பேஸ், அதுல மறைக்கிற வெள்ளை நிறமி ரொம்பக் கம்மி. ரெண்டு கோட்ல பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும், மூணு கோட் ஆகும். கலர் திரவமும் நிறைய ஏத்துவாங்க. முழுசா காயறதுக்குள்ள வெந்நீர் ஆவி பட்டா உள்ளே இருக்கிற சோப்புத் தன்மையுள்ள பொருள் வெளியே வடிஞ்சு, தேன் நிறத்துல பிசுபிசுன்னு கோடு கோடா இறங்கும். பெயின்ட் கெட்டுப்போச்சுன்னு ஆளைக் கூப்பிட்டு சண்டை போட வேண்டாம். நல்லா காய விட்டு, வெறும் தண்ணியில ரெண்டு மூணு தடவை மெதுவா துடைச்சா போயிடும். எந்த நிறத்துலயும் இது வரலாம், அடர் நிறத்துல அதிகம்.

முத்தியால்பேட்டை:
அதுக்கு வழி இருக்கே மேஸ்திரி. கடைசி கோட் அடிச்சு ஒரு வாரம் கீசர் போடாம, ஜன்னலைத் திறந்து வச்சா வடியாது. இன்னொரு பாத்ரூம் இருக்கிற வீட்டுல இது ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்ல.

உப்புக்காத்து:
இன்னொண்ணு இல்லாத வீடா இருந்தா? சரி, அதை விடுங்க. அந்த வென்டிலேட்டர்ல 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாம எந்த நிறமும் நிக்காது. குளிச்சு முடிச்சு கால் மணி நேரமாவது ஓடணும். கதவுக்கு அடியில முக்கால் அங்குலம் சந்து வேணும், இல்லேன்னா ஃபேன் சும்மா சுத்தும், காத்து உள்ள வராது.

கெடிலக்கரை:
இப்ப ஃபேன் இல்லீங்க, போட்டுடறேன். துடைக்க வசதியா எனாமல் அடிச்சுடலாமா?

பட்டிமேஸ்திரி:
வேண்டாம். எண்ணெய் எனாமலுக்கும் ஈரமான சிமென்டுக்கும் ஆகாது. பூச்சுக்குள்ள இருக்கிற காரம் ஈரத்தோட சேர்ந்து எண்ணெயை சோப்பாக்கிடும். முதல்ல பிசுபிசுக்கும், அப்புறம் தோலா உரியும். வெளிச்சம் கம்மியான இடத்துல வெள்ளை எனாமல் மஞ்சளாவும் ஆயிடும். பூஞ்சை தடுப்பு உள்ள எமல்ஷன் (தண்ணியில கலக்குற பெயின்ட்), லேசா மினுக்கம் இருக்கிற சாட்டின் வகை வாங்குங்க. முழு மேட் வேண்டாம், துடைச்ச இடம் திட்டாத் தெரியும். முழுப் பளபளப்பும் வேண்டாம், பட்டி போட்ட மேடு பள்ளம் எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும்.

நிறம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஒண்ணரை அடி சதுர பிளாஸ்டிக் தாளை மூலையில நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்க. தாளுக்கு உள் பக்கம் நீர்த்துளி நின்னா ஈரம் சுவருக்குள்ளேர்ந்து வருது. மாடி டேங்க், பைப், தளம் ஒழுகுதான்னு பார்க்கணும். வெளிப் பக்கம் மட்டும் துளின்னா குளியல் ஆவிதான், ஃபேன் போதும்.

கரும்புள்ளியை வறண்டபடியே சுரண்டாதீங்க, தூள் வீடு முழுக்கப் பறக்கும். பிளீச் திரவம் 1 பங்குக்கு 3 பங்கு தண்ணி கலந்து பஞ்சுல தடவி 15 நிமிஷம் விட்டுக் கழுவுங்க. அன்னைக்கு டைல்ஸுக்கு ஆசிட் ஊத்திடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைச்சுடும். பிறகு ரெண்டு நாள் காய விட்டு, உரிஞ்ச இடத்துக்கு மட்டும் பட்டி, எல்லாத்துக்கும் ஒரு கோட் பிரைமர், மேல ரெண்டு கோட். கோட்டுக்கு நடுவுல குறைஞ்சது 4 மணி நேரம். ஐப்பசி கார்த்திகைன்னா இந்த வேலையைத் தொடவே வேண்டாம், பட்டியே காயாது.

உப்புக்காத்து:
புதுச்சேரி ஒயிட் டவுன்ல கடுகு மஞ்சள் சுவரும் வெள்ளைக் கரையும் பார்த்துட்டு அதையே உள்ளே கேக்கிறவங்களும் உண்டு. பழைய சுண்ணாம்புக் காரை வீடுகள்ல எமல்ஷனே அடிக்கக் கூடாது. சுவர் விடுற ஈரத்தை அது அடைச்சுடும், பொரிஞ்சு வரும். அங்கே சுண்ணாம்புதான். அந்தக் காரத்துக்குப் பூஞ்சையும் லேசுல அண்டாது. மஞ்சக்காவி, செங்காவி, நீலப்பொடி மூணும் சுண்ணாம்புல தாங்கும்.

முத்தியால்பேட்டை:
மஞ்சக்குப்பம் வீடு சிமென்ட் வீடுதானே, அதுக்கு வருவோம். கணக்கு போடுங்க. சுற்றளவு 26 அடி, 3 அடி உயரம்னா 78 சதுர அடி, சீலிங் 40, மொத்தம் 118. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் ரெண்டு கோட்டுக்கு 100லேர்ந்து 130 சதுர அடி வரைக்கும் வரும். வெளிர் நிறத்துக்கே ஒரு லிட்டர் இழுத்துப் பிடிக்கும். மூணு கோட் நீலத்துக்கு ரெண்டு லிட்டர் வாங்கணும். சரி, கருநீலத்தை விட்டுக் கொடுக்கிறேன். ஆனா ஆஃப் ஒயிட்டும் இல்ல. மங்கின சாம்பல் நீலம் எடுத்தா மேஸ்திரி சொன்ன ரெண்டு கறையும் அடங்கும், வீட்டுல கேட்ட நீலமும் வந்துடும்.

உப்புக்காத்து:
சுவருக்கு அது சரி. சீலிங்குக்கு ஒத்துக்க மாட்டேன். ஆவி முதல்ல போய் முட்டுறது அங்கதான், அங்க புள்ளி தெரியத்தான் வேணும்.

பட்டிமேஸ்திரி:
கெடிலக்கரை, ஷேட் கார்டை நம்பாதீங்க. நாலு பக்கமும் அடிச்சா கார்டுல பார்த்ததைவிட ஒரு படி அடர்த்தியாத்தான் தெரியும். சின்ன டப்பா வாங்கி அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, டைல்ஸ் மேல் விளிம்புல சாய்ச்சு வச்சு காலையிலயும் பாருங்க, ராத்திரி பல்பு போட்டும் பாருங்க. 6500 கெல்வின் வெள்ளை பல்புன்னா சாம்பல் நீலம் இன்னும் குளிர்ந்து, சந்தன டைல்ஸ் பச்சையடிக்கும். 4000 பல்பு மாத்திட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கெடிலக்கரை:
சுவருக்கு சாம்பல் நீலம், சீலிங்குக்கு ஆஃப் ஒயிட். வீட்டுல கேட்டேன், சரின்னுட்டாங்க. ரெண்டு நிறமும் சேர்ற இடத்துல கோடு எங்க விடுறது?

பட்டிமேஸ்திரி:
சீலிங் மூலையிலேயே விடுங்க. முதல்ல சீலிங்கை முடிச்சு, சுவர்ல ரெண்டு விரல் இறங்கி அடிச்சிருக்கட்டும். காய்ஞ்ச பிறகு டேப் ஒட்டி நீலம். கடைசி கோட் ஈரமா இருக்கும்போதே டேப்பை உரிச்சிடணும், காய விட்டா விளிம்போட பிச்சுக்கிட்டு வரும்.