முடிவிலியைப் பற்றி எதையாவது உறுதியாக அறிய முடியுமா?

களுவாஞ்சிக்குடி ஆசிரியை:
உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். முதன்மை எண்கள் (ஒன்றாலும் தம்மாலும் மட்டுமே வகுபடும், ஒன்றைவிடப் பெரிய எண்கள்) முடிவற்றவை என்று நிறுவிக் காட்டியபோது, மனக்கண்ணில் கொண்டுவரவே முடியாத ஒன்றைத் தெளிவாக அறிந்துவிட்டோம் என்று எப்படிச் சொல்லலாம் என்று மாணவி ஒருத்தி கேட்டாள். தெளிவாகவும் பிரித்தறியும்படியும் உணரப்படுவதே உண்மை என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டின் கொள்கையை அவள் எங்கோ வாசித்திருக்கிறாள். மெய்யியல் கற்றவர்கள் விளக்க வேண்டும்.

வந்தாறுமூலை வாசகர்:
ஆசிரியை அவர்களுக்கு, மனக்கண்ணால் காண்பது வேறு, விளங்கிக்கொள்வது வேறு என்று டெக்கார்ட்டே 1641இல் எழுதியிருக்கிறார். ஆயிரம் பக்கங்கள் கொண்ட பல்கோணியைக் கற்பனை செய்தால் அது பத்தாயிரம் பக்கப் பல்கோணியைப் போலவே மங்கலாகத் தோன்றும். ஆயினும் அதன் பண்புகளை, முக்கோணியின் பண்புகளைப் போலவே, ஐயமின்றி உய்த்தறியலாம். கடவுளின் எல்லையின்மை பற்றிய ஆட்சேபத்துக்கு விடையளிக்கையில் அவர் கடலைக் காட்டுகிறார்: கல்லடிக் கரையில் நிற்பவரின் பார்வைக்குள் கடல் முழுவதும் அடங்குவதில்லை, ஆனாலும் அவர் காண்பது கடலைத்தான். (கல்லடி மட்டும் எனது சேர்க்கை.)

அக்கரைப்பற்று அன்பர்:
இவ்விளக்கம் பாதித் தூரமே செல்கிறது, ஏனெனில் தெளிவே நம்மை ஏமாற்றியதுண்டு. முழுமை பகுதியைவிடப் பெரிது என்பது யூக்ளிட்டின் வெளிப்படையுண்மைகளுள் ஒன்று. ஆனால் 1638இல் கலிலியோ ஒவ்வோர் எண்ணையும் அதன் வர்க்கத்துடன் சோடி சேர்த்துக் காட்டியதும், முடிவிலியில் அது ஆட்டங்கண்டது: வர்க்கங்கள் எண்களின் ஒரு பகுதியே, ஆயினும் எதுவும் மிஞ்சாமல் சோடி சேர்கின்றன. ஜெர்மன் தருக்கவியலாளர் பிரேகேயின் நிலை இன்னும் மோசம்: தருக்கத்தின் அடிப்படை விதி என்று அவர் வைத்திருந்த ஒன்றிலிருந்தே முரண்பாடு பிறப்பதை 1902இல் ரசலின் கடிதம் காட்டிவிட்டது.

கல்முனை வாசகர்:
இருவரும் இரண்டு முடிவிலிகளைக் கலந்து பேசுகிறீர்கள். யூக்ளிட் சொன்னது, முதன்மை எண்களின் எந்தப் பட்டியலைத் தந்தாலும் அதற்கு வெளியே இன்னொன்று உண்டு என்பது மட்டுமே. பட்டியலிலுள்ளவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணை வகுக்கும் முதன்மை எண் எதுவும் அப்பட்டியலில் இருக்க முடியாது. இங்கே முடிவிலியை முழுமையடைந்த ஒரு பொருளாகக் கருத வேண்டியதேயில்லை. அத்தகைய முடிவிலியை மறுத்த அரிஸ்டாட்டிலும் இதை ஏற்பார், ஒல்லாந்துக் கணிதவியலாளர் புரோவரும் ஏற்பார். மெய்யெண்கள் அனைத்தையும் ஒரே தொடையாக (ஒன்றுசேர்ந்த ஒரே தொகுதியாக) கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது. இயற்கை எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் இடைப்பட்ட அளவு ஏதும் இல்லை என்னும், தொடைக் கோட்பாட்டைத் தோற்றுவித்த கான்டரின் ஊகத்தை, தொடைக் கோட்பாட்டின் வழக்கமான வெளிப்படையுண்மைகள் முரணற்றவையாயின், அவற்றைக்கொண்டு மறுக்க முடியாது என்று தருக்கவியலாளர் கோடலும், நிறுவவும் முடியாது என்று 1963இல் கணிதவியலாளர் கோயனும் காட்டினர். மாணவியின் ஐயம் முதன்மை எண்களைத் தொடவில்லை, கான்டரின் தொடைகளைத் தொடுகிறது. அவளிடம் அப்படியே சொல்லலாம்.