ரோடு ரோலர் கியர்பாக்ஸ் கூட்டில் விரிசல்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாங்கள் பராமரித்துவரும் பழைய ரோடு ரோலர் ஒன்றின் வார்ப்பிரும்பு கியர்பாக்ஸ் கூட்டில், போல்ட் துளையிலிருந்து கிளம்பிய விரிசல் பேரிங் இருக்கையை (தண்டைத் தாங்கும் பேரிங் பொருந்தும் இடத்தை) நோக்கி ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு ஓடி, ஆயில் கசிகிறது. மாற்றுக் கூடு கிடைக்கும்வரை வண்டி குறைந்த சுமையில் ஓடினால் போதும்.

விரிசலின் முனையில் சிறு துளையிட்டு, அது மேலும் பரவாமல் தடுத்திருக்கிறோம். சாதாரண மைல்டு ஸ்டீல் ராடால் பற்றவைத்துவிடலாம் என்று பட்டறையில் சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வார்ப்பிரும்பில் கார்பன் பொதுவாக 2 முதல் 4 சதவீதம் வரை இருப்பதால், பற்றவைத்த இடம் சட்டென்று குளிரும்போது கண்ணாடிபோல் கடினமாகி, பற்றுக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் விழக்கூடும். நிக்கல் ராடால் ஓர் அங்குலத்துக்கு மேற்படாத துண்டுகளாகப் பற்றவைத்து, சூடு தணிவதற்குள் சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே அடுத்த துண்டைத் தொடங்கும் முறையை அறிவேன். ஆனால் பல ஆண்டுகள் ஆயில் குடித்த இரும்பு (எவ்வளவு துடைத்தாலும் சூடேற்றினால் மீண்டும் கசியும்) என்பதால், பற்றில் நுண்துளைகள் விழுமோ என்று தயங்குகிறேன்.

வெப்பமே இல்லாமல், விரிசலின் குறுக்கே பூட்டுகளையும் நெடுகத் திருகாணிகளையும் இறக்கி இறுக்கும் மெட்டல் ஸ்டிச்சிங் வேலையைச் சென்னையில் நம்பகமாகச் செய்யும் பட்டறைகள் எந்தப் பகுதியில் உள்ளன? பேரிங் இருக்கைக்கு இவ்வளவு அருகில் அது தாங்குமா? எபாக்ஸி பசை கசிவை நிறுத்துமே தவிர பலம் தராது என்பதால் அதைக் கேட்கவில்லை. இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு ஓட்டியவர்கள் இருந்தால், பட்டையின் கனத்தையும் போல்ட் இடைவெளியையும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.